கறுத்த தம்பியும் சிவத்த படமும்

என் தம்பி கோமதிநாயகம் இறந்துபோனான் என்பதைத் தந்தி எனக்குச் சொல்லவில்லை. வத்தல் மண்டி அண்ணாச்சி அவனைக் 'கலைஞன்' என்று சொன்னார். அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மதுரையிலிருந்து தந்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தபால்காரர் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவுக்குக் கண்ணில் புரை. கண் தெளிவாக இருந்த காலத்திலும் எழுத்து தெரியாது. அதனால் எதிர்வரிசையில் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் தந்தியைக் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, அம்மாவிடம் மூச்சுக் காட்டாமல், நேரே என் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணீர் ஒன்றுமில்லை, வெயிலில் நடந்துவந்த வியர்வை.

"டீச்சரம்மா, ஒரு பெரிய கலைஞன் போயிட்டான்" என்றார்.

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் வாயில் என் தம்பி அதுவரை 'படம் போடுத பய'; கோபம் வந்தால் 'விளங்காத பய'. இந்த மனிதர் ஒருவனைக் கலைஞன் என்று சொல்கிறார் என்றால் அவன் செத்திருக்க வேண்டும் என்று என் புத்தி முதலில் கண்டுகொண்டது. அது நாயகம்தான் என்பது அதற்குப் பிறகு உறைத்தது. சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். செத்த எருமை கலம் பால் கறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இருபத்தேழு வயது. மஞ்சள்காமாலை. ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலையில் சீன் எழுத மதுரைக்குப் போனவன், கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டவர்களிடமெல்லாம் "பெயிண்டு தெறிச்சிட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. பொய் சொல்வதென்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்பான், தென்காசியில் இருந்துகொண்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு அடுத்த மாதம் வருவான். கையில் தூரிகையைப் பிடித்துவிட்டால் மட்டும் அந்தப் பொய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. அந்த ஒரு குணத்தால்தான் இந்த ஊரோடு அவனுக்கு ஒத்துப்போகவில்லை.

அவனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்களும் படிக்கலாம், தடையில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக அவன் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சங்கரன்கோவிலிலும் சுற்றுப்பட்டிகளிலும், உயிரோடிருக்கிற மனிதரைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று பெரியவர்களுக்கு ஒரு பயம். அதனால் இருக்கும்வரை எடுக்கமாட்டார்கள். மூச்சு நின்றதும் ஸ்டூடியோக்காரரைத் தேடி ஓடுவார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சரிந்துவிடாமல் பின்னாலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தாடைக்கட்டோடும் நெற்றிக் காசோடும் ஒரு படம் எடுப்பார்கள். காரியங்களெல்லாம் முடிந்தபிறகு அதைத் தூக்கிக்கொண்டு என் தம்பியிடம் வருவார்கள். "நாயகம், அப்பாவ கண்ணு தொறந்தாப்ல எழுதிக் குடுத்துரு" என்பார்கள். தாடைக்கட்டை அவிழ்ப்பது, காசை எடுப்பது, கண்ணைத் திறப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இவ்வளவு பாசம் உள்ளவர்கள், மனிதர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த காலத்தில் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்திருக்கலாமே என்று நான் கேட்டால், டீச்சருக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். எங்கள் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போன ஆஸ்தி அது ஒன்றுதான்.

மூடின கண்ணை எப்படித் திறப்பது? மற்ற ஊர் ஓவியர்கள் ஒரு கண்ணைக் கைவசம் வைத்திருந்தார்கள். பெரிதாக, சாந்தமாக, புத்தருக்கும் பொருந்தும், புண்ணாக்கு வியாபாரிக்கும் பொருந்தும். எல்லாப் பிணத்துக்கும் அதையே ஒட்டி அனுப்பினார்கள். நாயகம் அப்படிச் செய்யமாட்டான். சாவு நடந்த துஷ்டி வீட்டுக்கே போவான். ஆண்களிடம் ஒன்றும் கேட்கமாட்டான், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் கட்சி. அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, மாமா நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கல. சோத்துல உப்பு கொறஞ்சா எப்படிப் பாப்பாரு, அதச் சொல்லுங்க" என்பான். அழுதுகொண்டிருந்தவள் "அத ஏன்யா கேக்க" என்று ஆரம்பிப்பாள். சொல்லச் சொல்ல அவளுடைய புருவம் தானாக ஏறும், இமை பாதி இறங்கும், உதடு ஒரு பக்கம் கோணும். போனவரின் பார்வை அவள் முகத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். இவன் பேச்சைக் கேட்கிற பாவனையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அந்தப் பார்வைக்கு ஆயுசு பூரா பயந்தவளுக்கு அது மறக்குமாக்கா?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான்.

அதனால் அவன் எழுதின படங்களில் ஒருவர்கூடச் சாந்தமாக இருக்கமாட்டார். எல்லாரும் உப்பில்லாத சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டில், மாமனார் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று மருமகள்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். மாமியார் மட்டும் தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் சாப்பிட்டாள் என்று கேள்வி.

உயிரோடிருப்பவர்களை அவன் வரையமாட்டான். "ஏலே, உசுரோட இருக்கவங்க மேல அப்படி என்ன கோவம் ஒனக்கு?" என்று கேட்டேன். "செத்தவுகதான்க்கா நல்லவுக. அசைய மாட்டாக. மூக்கு எடுப்பா இல்லையேன்னு கேக்க மாட்டாக" என்றான். அப்படியானால் என்னை எப்போது வரைவாய் என்றேன். "நீ சாவு, வரையுதேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான். அது அவனுடைய கெட்ட பழக்கம். மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று ஒருநாளும் காத்திருந்ததில்லை.

சீன் எழுதினாலும் இதே வம்புதான். ஒரு திருவிழா நாடகத்துக்குக் காட்டுச் சீன் கேட்டார்கள். நாடகக்காரர்களுக்குக் காடு என்றால் ஓர் அருவி, தென்னைமரம், மயில், இரண்டு மான். இவன் எழுதிக்கொண்டுபோய்த் தொங்கவிட்டது குருவிகுளத்துப் பக்கத்துக் கரிசல்காடு. வெடித்த மண், நாலு உடைமரம், தண்ணீர் ஓடியே அறியாத ஓடை. பட்டுடுத்தி வனவாசம் வந்த ராஜகுமாரன் உடைமுள்ளுக்கு முன்னால் நின்று சோலையை வர்ணித்துப் பாடினான். நாடக வாத்தியார் குதித்தார்.

"அருவி எங்கவே?"

"நம்ம காட்டுல அருவி இருந்தா நாம ஏன் வே நாடகம் போட்டுப் பொழைக்கோம்?" என்று இவன் திருப்பிக் கேட்டான்.

அதற்குள் கூட்டத்திலிருந்து ஆடு மேய்க்கிற ஒருவர் எழுந்து, "அய்யா, அது எங்க காடு! அந்த மரத்தடியிலதான் நான் மத்தியானம் படுப்பேன்" என்று கத்தினார். சிரிப்பில் ராஜகுமாரனின் சோகம் கரைந்துபோயிற்று. மறு வருஷம் நாயகத்தைக் கூப்பிடவில்லை. அதே நாடக வாத்தியார், இவன் செத்தபிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் எழுந்து, "கானகத்தையே கண்முன் கொண்டுவந்து நிறுத்திய கை" என்று தொண்டை கம்மினார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இனி எனக்கு அவன் செய்ததைச் சொல்கிறேன். ஊரை மட்டும் திட்டிவிட்டு அவனைப் பூவில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹைஸ்கூல் வாத்தியார். படித்த குடும்பம், போட்டோவுக்குப் பயப்படாதவர்கள், நேரில் வருமுன் பெண்ணின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோப் படத்துக்கு மேலே வண்ணம் தீட்டுவார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையும் நாயகத்துக்குத்தான் வரும். சித்தப்பா அவனைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, லேசா மாநிறமாக் காட்டிரு. தாலி ஏறிட்டா அப்புறம் படத்த யாரு பாக்கப் போறா?"

நாயகம் தலையை ஆட்டினான். அவன் தலையாட்டினால் ஒப்புக்கொண்டான் என்று நினைத்தது சித்தப்பாவின் அறியாமை. ஸ்டூடியோ வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுத்து விழுந்திருந்த என் முகத்தை அவன் உட்கார்ந்து, பொறுமையாக, என் சொந்த நிறத்துக்கே கொண்டுவந்து அனுப்பிவைத்தான். படம் போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டது. வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆயிற்று. "கூடப்பொறந்தவளுக்கே குழி வெட்டிட்டானே சண்டாளப் பய" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். சோற்றை வைப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவனும் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தான்.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னான்: "எக்கா, அவன் படத்தப் பாத்துக் கட்டுவான். அப்புறம் தெனமும் உன் மொகத்துல, படத்துல உள்ளவ எங்கன போனான்னு தேடுவான். அந்தப் பார்வைய நீ ஆயுசுக்கும் தாங்கணும்லா. நான் எத்தன வீட்ல பாத்துட்டு வாரேன்."

அவன் சொன்னது சரி. சரியாக இருந்துவிட்டால் கோபம் ஆறிவிடுமா? அந்த ஹைஸ்கூல் வாத்தியார் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். ஒருமுறை ரயிலில் பார்த்தேன். அந்த அம்மாளும் ஒன்றும் பெரிய சிவப்பில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்குக் கஞ்சி வைக்கிறேன். நாயகம் செத்துப்போனான் என்பதற்காக அதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால், அது சித்தப்பா கேட்ட படம் மாதிரி ஆகிவிடும். எனக்கு அவனை உயிராகப் பிடிக்கும். அந்தக் கோபமும் இருக்கிறது.

மண்டி அண்ணாச்சிக்கு வருவோம். அவருடைய தகப்பனார் நல்ல கறுப்பு. முகம் நிறைய அம்மைத் தழும்பு. ஒரு கண் கொஞ்சம் ஒதுங்கிப் பார்க்கும். அவர் தவறியபோது அண்ணாச்சி நாயகத்தைக் கூப்பிட்டனுப்பி, "அப்பாவ ஒரு ஜமீன்தார் மாதிரி எழுதுலே. செவப்பா, கோட்டுப் போட்டு" என்றார்.

"தாத்தா கோட்டுப் போட்டு நீங்க பாத்திருக்கீகளா அண்ணாச்சி?"

"நான் பாத்ததையா எழுதச் சொல்லுதேன்? ஊரு பாக்கப் போறதல்லா எழுதச் சொல்லுதேன்!"

நாயகம் கறுப்பாகவே எழுதினான். கோட்டு இல்லை, வெற்றுமேலில் துண்டு. தழும்பு ஒன்றுகூட விடாமல் இருந்தது. அதையாவது எடுத்துவிடு என்று அண்ணாச்சி கெஞ்சாத குறையாகக் கேட்டார். "அம்மையில பொழச்சு வந்துதான அண்ணாச்சி இந்த மண்டிய வச்சாரு. தழும்ப எடுத்தா மண்டியும்லா போயிரும்" என்றான் இவன். 'விளங்காத பய' என்ற பட்டம் அன்றைக்குக் கொடுத்ததுதான். அண்ணாச்சி வேறு ஊரில் சொல்லி, கோட்டும் கடிகாரச் சங்கிலியும் ரோஜா நிறமுமாக ஒரு தகப்பனாரை வரவழைத்து மண்டியில் மாட்டினார். குருவிகுளத்துப் பக்கமிருந்து வத்தல் கொண்டுவருகிற சம்சாரிகள் அதைக் கும்பிட்டுவிட்டு, "இவுக எந்தத் தொகுதி மந்திரி அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். நாயகம் எழுதின படம் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து நின்றது. இப்போது அதைத் தூசு தட்டி முன்கட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எழுதினவன் செத்ததும் தகப்பனாருக்கும் மதிப்பு வந்துவிட்டது.

நாயகத்தின் உடலை மதுரையிலிருந்து வாடகை வேனில் கொண்டுவந்தார்கள். இறக்குவதற்குள் ஸ்டூடியோக்காரர் கேமரா முக்காலியோடும் கறுப்புத் துணியோடும் வந்து நின்றார். அண்ணாச்சி தம்முடைய நாற்காலியைக் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல தேக்கு நாற்காலி. உயிரோடிருந்தபோது நாயகம் மண்டிக்குப் போனால் மூட்டைமேல்தான் உட்காரச் சொல்வார்கள். நான் படம் எடுக்கக் கூடாது என்றேன்.

"என்ன டீச்சரம்மா, ஒரு நெனப்புக்கு வேண்டாமா?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சி.

"கண்ணு மூடின படத்த வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? தொறந்து குடுக்கத் தெரிஞ்சவன் இங்கன படுத்திருக்கான்."

நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். நான் செய்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஊரிலுள்ள பிணங்களுக்கெல்லாம் கண் திறந்துவிட்டவனுக்கு ஒரு படம் கிடையாது. ஸ்டூடியோவிலேயே பாதிநாள் கிடந்தவன் அந்தக் கேமராவுக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை; தன்னைத்தானே எழுதிக்கொள்கிற ஆசையும் அவனுக்கு இருந்ததில்லை. "மொகம் மறந்துருமே ஏட்டி" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ணு போற போக்குல, மனசுல இருக்கதும் மங்கிரும் போல இருக்கே. ஒரு படம் இருந்தா கிட்ட வச்சாவது பாப்பேன்லா." எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான். அவனைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அம்மாவுக்கு அது ஆகாது.

அதனால்தான் படத்திறப்பு நடத்தப்போகிறோம் என்று அண்ணாச்சியும் நாடக வாத்தியாரும் வந்தபோது கதவைச் சாத்தாமல் உட்காரச் சொன்னேன். மதுரையில் பெரிய ஆர்ட்டிஸ்டிடம் சொல்லியாயிற்று என்றார்கள். போட்டோவே இல்லாமல் அவர் எதைப் பார்த்து எழுதுவார் என்று கேட்டேன்.

"நாங்க அடையாளம் சொல்லிட்டோம்லா" என்றார் அண்ணாச்சி.

என்ன அடையாளம் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாய்வரைக்கும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா, "வரட்டும் ஏட்டி, எம் பிள்ளை எப்படியாவது வரட்டும்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மண்டித் தெரு முக்கில் பந்தல் போட்டு ஒரு சாயங்காலம் கூட்டம் நடந்தது. எத்தனை பேர் அவனுடைய நண்பர்களாக இருந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் தம்முடைய கையைப் பிடித்துத்தான் நாயகம் தூரிகை பிடிக்கப் பழகினான் என்றார். அவருக்குத் தூரிகை என்றால் சுண்ணாம்பு மட்டைதான் தெரியும். இன்னொருவர் அவனைப் 'பண்பின் பெட்டகம்' என்றார். அவரைத்தான் நாயகம் ஒரு தடவை கிளப்புக் கடையில் வைத்து, நாலு பேர் கேட்க, 'கூறுகெட்ட குப்பா' என்று கூப்பிட்டது. ஒரு புலவர் இரங்கற்பா வாசித்தார். அதில் நாயகம் வானுலகம் சென்று ரம்பைக்குத் திலகம் தீட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலில் காது சுட்டது. அவன் இருந்திருந்தால் பந்தலுக்குப் பின்னால் நின்று பீடி குடித்துக்கொண்டு சிரித்திருப்பான் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பிறகு திரையை இழுத்தார்கள்.

ரோஜாப்பூ நிறத்தில் ஓர் இளைஞர். நெற்றியில் சுருள்முடி, நாயகத்துக்குக் கோரைமுடி. பட்டு ஜிப்பா, நாயகத்திடம் இருந்தது இரண்டு சட்டை. வெள்ளைக்காரத் துரை மாதிரி ஒரு கையில் வண்ணத்தட்டு. நாயகம் தேங்காய்ச் சிரட்டையில்தான் வண்ணம் குழைப்பான். உதட்டில் தாம்பூலம் போட்ட சிவப்பு. கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய, சாந்தமான, எல்லாருக்கும் பொருந்துகிற அந்தக் கண்.

கூட்டம் கை தட்டியது. "அப்படியே உரிச்சு வச்சாப்ல இருக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர். தினமும் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் முகத்தை எங்கள் ஊர் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு நிம்மதியாக மறந்துவிட்டது. கொஞ்சநாள் போனால் இந்த ரோஜாப்பூதான் கோமதிநாயகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அம்மாவும் இதைத்தான் கிட்ட வைத்துப் பார்க்கப்போகிறாள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, "இந்தப் படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியாது. பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார். அவருடைய குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. "பாவம், துக்கத்துல என்ன பேசுதோம்னே தெரியல" என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். இந்த ஊரை அவமதிக்கக்கூட முடியாது.

மாலை போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். படத்தைச் சுவரில் சாய்த்து அவள் எதிரே வைத்தார்கள். அம்மா நகர்ந்து நகர்ந்து மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை பார்த்தாள்.

"யாரு மக்கா இது?" என்று கேட்டாள்.

"உங்க மகன்தான் பெரியம்மா" என்றார் அண்ணாச்சி. "நல்லாப் பாருங்க."

"எம் பிள்ளை கறுப்புல்லா."

"இப்பம் தெய்வமாயிட்டான்லா பெரியம்மா. அதான் கொஞ்சம் பளிச்சுன்னு..."

"யாரு வீட்டுப் பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா. "யாரோ பெத்த பிள்ளைக்கு நான் எப்படி அய்யா அழ?"

அம்மா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, சிம்னி வெளக்குக் கரிய வழிச்சுக் கொண்டா" என்றாள். ஏன் என்று கேட்காமல் போய்க் கொண்டுவந்தேன். அவள் விரலால் தொட்டு அந்தக் கன்னத்தில் வைத்ததும் அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "கண்ணு படும்லா, அதான் திருஷ்டிப் பொட்டு வைக்காக" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். அம்மா பொட்டோடு நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்துக் கன்னம் முழுக்கத் தடவினாள். அப்புறம் நெற்றி, மூக்கு, மோவாய், கழுத்து. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி நிதானமாகத் தேய்த்தாள். அந்தச் சுருள்முடியை நெற்றியோடு அழுத்தி வழித்துவிட்டாள். பெரிய கண்ணின் மேலிமையை விரலால் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

"பெரியம்மா! பெரிய ஆர்ட்டிஸ்டு எழுதினது!" என்று அண்ணாச்சி பதறித் துண்டால் துடைத்தார். அவசரப்படுத்தி வாங்கின படம். எண்ணெய் வண்ணம் இன்னும் காயவில்லை. துடைக்கத் துடைக்கக் கரி உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று.

"அவரு எம் பிள்ளையப் பாத்ததில்லையே அய்யா" என்றாள் அம்மா. "நான் பாத்திருக்கேன்லா."

அவன் சாயல் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பட்டு ஜிப்பாவுக்கு மேலே ஒரு கறுத்த முகம் இருந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கன போன ராசா, சொல்லாம எங்கன போன" என்று ஆரம்பித்தாள். தந்தி வந்ததிலிருந்து நான் அழவில்லை. ஒவ்வொருவர் மேலும் கோபப்பட்டுக்கொண்டே இருந்ததில் அதற்கு இடமில்லாமல் போயிருந்தது. அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வந்தவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியாது.

கிழவி நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. படம் எங்கள் வீட்டில்தான் மாட்டியிருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். அவனுடைய தூரிகைகளை, அவன் கைராசி வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். ராசியால் படம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு வேறென்ன கொடுப்பது? எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவன் நிறம். ஒரே வயிற்றிலிருந்து இரண்டு பேருக்கும் வந்த நிறம். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் கண்ணாடியில் பார்க்கிறேன். அவன் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை.